இலை கசக்கக் கூடாது

காலை ஒன்பதரைக்குப் புதுவயல் பள்ளி,
பதினொன்றுக்குக் கண்டனூர்.
மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருபவர்களிடம்தான்
எனக்குப் பயம்:
புளிசாதம் தின்ற நாற்பத்தொரு பேர்,
பாதிப் பேருக்குத் தூக்கம், பாதிப் பேருக்குக் கபடி.

காரைக்குடியை விட்டு நாலு கிலோமீட்டர்.
செம்புறாங்கல் வெட்டிப்போன குழிகளில்
லாரி லாரியாய் வண்டல் கொட்டி வளர்த்த தோட்டம்.
ஒரு பேட்ச்சுக்கு எனக்கு நூற்றைம்பது ரூபாய்.
எம்.எஸ்சி. தாவரவியல்.
கழுத்தில் தொங்கும் மைக் அவர்களுடையது,
பேட்டரி என் செலவு.

"வரிசையா வாங்க. தொடாதீங்க. பறிக்காதீங்க.
இது வன்னி. இது உசில். இது விடத்தலை,
முள்ளு இருக்கு, பாத்து."
சொல்லிச் சொல்லி
வாய் எனக்கு முன்னால் நடக்கப் பழகிவிட்டது.
நான் பின்னால் வெயிலில் வருகிறேன்.

கள்ளிப் பாத்தியில் எப்போதும் ஒரே கேள்வி:
"மிஸ், பாத்ரூம் எங்க?"
அல்லிக் குளத்தில் எப்போதும் ஒரே கேள்வி:
"மீன் இருக்கா?"
இருந்தது.
சித்திரையில் தண்ணீர் வற்றியபோது
கொக்கு வந்து கணக்கை முடித்துவிட்டது.

அன்று, பதினேழாம் எண் பலகை முன்னால் நின்று
டெக்டோனா கிராண்டிஸ் என்றேன்.
யாரும் நிமிரவில்லை.
தேக்கு என்றேன்.
ஒரு சிறுமி வரிசையை விட்டு வெளியே வந்தாள்.
"இதுவா? இம்புட்டு ஒல்லியாவா?
எங்கம்மா கானாடுகாத்தான்ல
ஒரு வீடு துடைக்குது மிஸ்.
அங்க இருக்க தேக்கை
நானும் தம்பியும் சேந்து கட்டிப் பிடிச்சாலும் கை எட்டாது.
மொழுமொழுன்னு இருக்கும்.
எலையே கெடையாது."

அது பர்மாவிலிருந்து கப்பலில்,
என்று தொடங்கிய வாயை நிறுத்தி
பேர் என்ன என்று கேட்டேன்.
"ரிஜிஸ்டர்ல ராகவி. கூப்பிடுறது ராக்கு.
இதுக்கும் அப்படித்தானே, ரெண்டு பேரு?"

இருபத்தாறு மாதமாக
இருசொற் பெயரீட்டை விளக்கி வருகிறேன்.

விதியை மீறியது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.
இளந்தளிர் ஒன்றைக் கிள்ளினேன்.
அவள் உள்ளங்கையில் வைத்து, கசக்கு என்றேன்.
சிவப்பு.
மருதாணிகூட இவ்வளவு அவசரப்படாது.
ராக்கு கையை மோந்தாள். திருப்பிப் பார்த்தாள்.
பிறகு மெதுவாக, எனக்கு மட்டும் கேட்க,
"அந்தத் தூணுக்குள்ளயும் இது இருக்குமா மிஸ்?"

மைக்கை அணைத்தேன்.
தெரியல என்றேன்.

அதற்குள் நாற்பது கைகள் தளிர் கேட்டன.
நெற்றியில் நாமம் இழுத்தவன் ஒருவன்,
கத்திக்குத்து வாங்கிச் சரிந்தவன் ஒருவன்,
ஆசிரியர் சுந்தரபாண்டியன் ரத்தம் என்றே நம்பி
முதலுதவிப் பெட்டிக்காக பஸ்ஸுக்கு ஓடினார்.
கள்ளிப் பக்கம் போகவேயில்லை.
பாத்ரூம் யாரும் கேட்கவில்லை.
மாலை, வீடு திரும்பும் டவுன் பஸ்ஸில்
கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்து
"என்னம்மா அடியா?" என்றார் கண்டக்டர்.
இல்லை, வேலை என்றேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது,
சீருடைகள் கறைபட்டது தொடர்பாக.
வியாழக்கிழமை பலகை வந்தது,
இலை கசக்கக் கூடாது.
ஆணி அடித்தவர்
லத்தீன் பெயரின் மேலேயே அடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளத்தூர் பேட்ச்.
நான் மைக்கை ஊதிப் பார்ப்பதற்குள்
முன்வரிசையில் பல் விழுந்த ஒருவன்:
"மிஸ், கசக்குற மரம் எங்க?"

கூட்டிப்போனேன். பலகையைப் படி என்றேன்.
எழுத்துக் கூட்டி, சத்தமாக, கடைசிவரை படித்தான்.
படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.
காற்றுக்கு உதிர்ந்த தளிர் ஒன்று
அவன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்தது.

நான் உசில் மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.
உசிலைப் பற்றிச் சொல்ல
நிறைய இருக்கிறது.